குற்றவியல் பேரவையும் கல்வித் தலைமையும்

‘குற்றம்’ என்னும் சொல்லைத் தமிழ் மாணவர் முதன்முதலில் எதிர்கொள்ளும் இடம் சட்டப் புத்தகம் அன்று. இலக்கணமும் அறநூலுமே ஆகும். நன்னூற் பாயிரம் ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை எண்ணிக் காட்டுகிறது. திருக்குறளின் 44ஆம் அதிகாரம் ‘குற்றங்கடிதல்’ என்னும் பெயருடையது. அங்கே பேசப்படுவன களவும் கொலையும் அல்ல. ஆள்வோனிடம் தோன்றும் செருக்கு, சினம் முதலிய உட்குறைகளே. பிற்காலத்தில்தான் இச்சொல் நீதிமன்றத்துக்குள் புகுந்து ‘குற்றவியல் நடுவர்’ என்னும் பதவிப் பெயரிலும் இடம்பெற்றது. ஆகவே ‘குற்றவியல்’ என்றவுடன் நம் மாணவர் பலர் அதனைச் சட்டத்தின் ஒரு கிளை என்றே எண்ணுகின்றனர். உண்மையில் குற்றவியல் என்பது குற்றம் ஏன் நிகழ்கிறது, எவரால் நிகழ்கிறது, தண்டனை அதனைக் குறைக்கிறதா என்பனவற்றை எண்ணிக்கையும் சான்றும் கொண்டு ஆராயும் சமூக அறிவியல் துறையாகும்.

இத்துறையினர் ஆண்டுதோறும் கூடும் பேரவைகள் உலகில் பல உள. நம் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 1970இல் தோன்றிய இந்தியக் குற்றவியல் சங்கமும் அவற்றுள் ஒன்று. எனினும் இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது அமெரிக்கக் குற்றவியல் சங்கத்தின் வரலாற்றை. ஆதாயம் கருதாத, அரசுத் துறையாக அல்லாத, உறுப்பினர் சந்தாவையும் மாநாட்டுக் கட்டணத்தையும் இதழ் வருவாயையும் கொண்டு நடைபெறும் ஒரு கல்விச் சங்கத்தைக் கல்வியாளர் எவ்வாறு தலைமை தாங்கி நடத்துகின்றனர், அத்தலைமைக்கு என்ன வலிமை உண்டு, எங்கே அது தடுமாறுகிறது என்பதை அறிய அதன் வரலாறு தக்க சான்றாக அமைகிறது.

காவல் தலைவர் வீட்டில் ஒரு கூட்டம்

இச்சங்கத்தின் தோற்றம் பல்கலைக்கழக மண்டபத்தில் நிகழவில்லை என்பது வியப்புக்குரியது. 1941ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் கலிபோர்னியா மாநிலம் பெர்க்லி நகரில் ஆகஸ்ட் வோல்மர் என்பாரின் இல்லத்தில் சிலர் கூடினர். பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டு மூன்று கிழமைகளே கழிந்திருந்தன. நாடு போரில் இறங்கியிருந்தது. அந்நாளில் கூடியவர்கள் தம் சங்கத்திற்கு இட்ட பெயர் ‘கல்லூரிக் காவற் பயிற்சி அலுவலர் தேசியச் சங்கம்’ என்னும் பொருளுடையது. குற்றவியல் என்னும் சொல்லே அப்பெயரில் இல்லை.

வோல்மரைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். இவர் தொடக்கக் கல்விக்கு மேல் முறையாகப் பயிலாதவர். 1905இல் பெர்க்லியின் நகரக் காவலராக மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1909இல் காவல் தலைவராகி, 1932 வரை அப்பொறுப்பில் இருந்தார். காவலர்க்கு மிதிவண்டி கொடுத்தவர் இவர். பின்னர் மோட்டார் வண்டியும் கொடுத்தார். அமெரிக்கக் காவல் பணியில் முனைவர் பட்டம் பெற்ற முதல் மனிதராகக் கருதப்படும் ஜான் லார்சனைத் தம் படையில் சேர்த்துக்கொண்டார். அந்த லார்சன்தான் 1921இல் பொய்யறி கருவியை அமைத்தார். 1916இல் சட்டப் பேராசிரியர் ஒருவருடன் இணைந்து பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் காவலர்க்கான கோடைக்காலக் குற்றவியல் வகுப்புகளை வோல்மர் தொடங்கினார். கைதியை அடித்து வாக்குமூலம் பெறும் வழக்கத்தை அவர் வெறுத்தார். அமெரிக்க நீதி நிருவாகத்தை ஆராய அரசு அமைத்த விக்கர்ஷாம் ஆணையத்தின் காவல் துறை பற்றிய 1931ஆம் ஆண்டு அறிக்கை இவர் பொறுப்பில் உருவானது.

பள்ளிப் படிப்பு நிறைவுறாத ஒருவர், பின்னாளில் பேராசிரியர்கள் ஆயிரக்கணக்கில் கூடும் ஒரு சங்கத்தின் மூலவராக நிற்கிறார். பட்டம் இல்லாதவர் கல்வித் தலைமை ஏற்கலாமா என்னும் வினாவுக்கு வோல்மரின் வாழ்க்கை ஒரு விடை. எனினும் அவர் தாமே தலைவராக அமர்ந்துவிடவில்லை என்பதையும் நோக்க வேண்டும். சங்கத்தின் முதல் தலைவராக அவருடைய மாணவர் ஆர்லாண்டோ வில்சன் அமர்ந்தார். வோல்மர் மதிப்புறு நிலையில் ஒதுங்கினார். வில்சன் விச்சிட்டா நகரின் காவல் தலைவராக இருந்துவிட்டு 1939இல் பெர்க்லியில் பேராசிரியர் ஆனவர். பின்னாளில் அங்கே குற்றவியல் பள்ளியின் தலைவராகவும், 1960 முதல் 1967 வரை சிகாகோ மாநகரக் காவல் தலைவராகவும் விளங்கினார்.

காவலரா, கல்வியாளரா?

போர் முடிந்தபின் 1946இல் சங்கம் ‘குற்றவியல் முன்னேற்றச் சங்கம்’ என்னும் பொருள்படும் பெயரைப் பூண்டது. 1950களின் பிற்பகுதியில் இன்றுள்ள ‘அமெரிக்கக் குற்றவியல் சங்கம்’ என்னும் பெயர் வந்தது. பெயர் மாறியபோது உறுப்பினர் இயல்பும் மாறிற்று. காவற் பயிற்சி ஆசிரியர்கள் கூடிய இடத்தில் சமூகவியலார் மிகுந்தனர். குற்றவாளியைப் பிடிப்பது எப்படி என்று கேட்டவர்களிடையே, குற்றம் என்று ஒன்றை வரையறுப்பவர் யார் என்று கேட்பவர்கள் வந்து அமர்ந்தனர். இரு சாராரும் ஒரே சொல்லைப் பயன்படுத்தினர். பொருள் வேறாக இருந்தது.

இதன் விளைவு 1963இல் வெளிப்பட்டது. காவல் கல்வி ஆசிரியர் சிலர் தனியே பிரிந்து பன்னாட்டுக் காவற் பேராசிரியர் சங்கம் ஒன்றை நிறுவினர். அதுவே 1970இல் பெயர் மாறிக் குற்றநீதி அறிவியற் கழகமாக இன்றும் நடைபெற்று வருகிறது. தாய்ச் சங்கத்திலோ ஓகாயோ மாநிலப் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் வால்டர் ரெக்லசும், பென்சில்வேனியாவின் மார்வின் வுல்ஃப்காங்கும் 1960களில் தலைவர் ஆயினர். வுல்ஃப்காங் 1945இல் பிறந்து பிலடெல்பியாவில் வளர்ந்த 9,945 சிறுவர்களின் காவல் பதிவுகளைத் தொகுத்து 1972இல் வெளியிட்ட ஆய்வு, அவர்களுள் ஏறத்தாழ 6 விழுக்காட்டினரே பதிவான குற்றங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்குக் காரணர் என்று காட்டியது. தலைமை நாற்காலியில் அமரும் மனிதரின் தன்மை எவ்வளவு மாறிற்று என்பதற்கு இவ்வொன்றே போதும்: முதல் தலைவர் ஒரு நகரின் காவற்படையைச் சீர்திருத்தியவர்; இவரோ ஒரு நகரின் பதிவேடுகளைப் படித்தவர்.

இப்பிரிவினை தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்பது நம் கருத்து. காவலர் இல்லாத குற்றவியல் ஏட்டுச் சுரைக்காயாகும். ஆய்வில்லாத காவல் பயிற்சி பழைய வழக்கங்களையே மனப்பாடம் செய்யும். வோல்மரின் வீட்டில் இரண்டும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தன. இதற்கிடையே பெர்க்லியின் குற்றவியல் பள்ளியும் நிலைக்கவில்லை. அரசை வெளிப்படையாகச் சாடிய ஆசிரியர்களும் அவர்களை ஆதரித்த மாணவர்களும் ஒருபுறம், பல்கலைக்கழக நிருவாகம் மறுபுறம் நின்ற நெடிய பூசலுக்குப் பின் 1976இல் அது மூடப்பட்டது. காவலர் தலைவர் ஒருவர் வித்திட்ட பள்ளி, காவல் துறையைக் குறை கூறியோரின் இடமாகி முடிந்தது.

தலைவர் என்ன செய்கிறார்?

மாணவர் பலர் ‘தலைவர்’ என்றவுடன் ஆணையிடும் ஒருவரை எண்ணுவர். கல்விச் சங்கத்தில் அவ்வாறு இல்லை. உறுப்பினர் வாக்களித்துத் தலைவரைத் தேர்கின்றனர். தேர்வு பெற்றவர் உடனே பதவி ஏற்பதில்லை. ஓராண்டு ‘வருந்தலைவர்’ என்ற நிலையில் செயற்குழுவில் அமர்ந்து அலுவல் பழகுகிறார். அடுத்த ஆண்டு தலைவர் ஆகிறார். அதற்கடுத்த ஆண்டு முன்னாள் தலைவராக இருந்து புதியவர்க்குத் துணை நிற்கிறார். துணைத்தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர் ஆகியோர் உடன் இருப்பர். நாள்தோறும் நடைபெறும் அலுவல்களை ஓகாயோவின் கொலம்பசு நகரில் இருந்துவந்த நிலையான அலுவலகம் கவனித்தது. தொடக்கத்தில் இவ்வழக்கம் இல்லை. முதல் தலைவர் வில்சன் பல ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். சங்கம் பெருத்த பின்னரே ஓராண்டு முறை வேரூன்றியது.

தலைவரின் கையில் உள்ள முதற்பெரும் கருவி ஆண்டு மாநாடு. நவம்பர் மாதத்தில் கூடும் அம்மாநாட்டின் மையப் பொருளை அவர் வகுக்கிறார். நிகழ்ச்சிக் குழுவின் தலைவர்களை அவரே அமர்த்துகிறார். ஆய்வுச் சுருக்கங்கள் வந்து குவிகின்றன. எதனை எந்த அமர்வில் வைப்பது, எவர் எவரோடு மேடையில் அமர்வது, எது வட்டமேசை உரையாடலுக்கு உரியது, எது சுவரொட்டியாக வைக்கத் தகும் என்பனவற்றைப் பகுதிப் பொறுப்பாளர் முடிவு செய்கின்றனர். பார்ப்பதற்கு இது எழுத்தர் வேலை போலத் தோன்றும். ஆனால் காலை முதல் அமர்வில் எந்தப் பொருள் பேசப்படுகிறது, கடைசி நாள் மாலையில் காலி நாற்காலிகளின் முன் எது பேசப்படுகிறது என்பதில் ஒரு துறையின் மதிப்பீடு அடங்கியுள்ளது. பட்டம் முடிக்கும் நிலையில் உள்ள ஆய்வு மாணவர் ஒருவருக்கு அந்த அமர்வே வேலைவாய்ப்பின் வாயிலும் ஆகும். தம் ஆய்வைப் படித்த மூத்த பேராசிரியரை அவர் நேரில் காண்பது பெரும்பாலும் அங்கேதான்.

பணமும் இங்கே பேசப்பட வேண்டியதே. இத்தகைய பெருமாநாடு பெரிய விடுதிகளில் நடைபெறுகிறது. பல ஆண்டுகளுக்கு முன்னரே ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. ஓராண்டே பதவியில் இருக்கும் தலைவர், தாம் கையெழுத்திடாத ஒப்பந்தத்தின்படி மாநாடு நடத்தி, தாம் இல்லாத ஆண்டுகளுக்கான ஒப்பந்தத்திற்கு ஒப்புதல் தருகிறார். இதனால் உண்மை அதிகாரம் நிலையான அலுவலகத்திடமும் பொருளாளரிடமும் தங்கிவிடும் என்று குறை கூறுவோர் உண்டு. குறை உண்மையே. ஆயினும் ஒருவரே பத்தாண்டு அமர்ந்து சங்கத்தைத் தம் வீட்டுத் தோட்டமாக்கிக் கொள்வதைவிட இது மேல் என்று நாம் கருதுகிறோம். நம்மிடையே சில இலக்கிய மன்றங்களின் நிலையை அறிந்தோர் இதற்கு உடன்படுவர்.

தலைமையுரையின் வலிமை

ஓராண்டுத் தலைவரின் பெயரை நிலைநிறுத்துவது பெரும்பாலும் அவர் ஆற்றும் தலைமையுரையே. அவ்வுரை பின்னர் சங்கத்தின் ‘குற்றவியல்’ இதழில் வெளியாவது மரபு. இவ்விதழ் 1963இல் வேறு பெயரில் தொடங்கி 1970இல் இப்பெயர் பெற்றது.

ஒரு தலைமையுரை என்ன செய்ய முடியும் என்பதற்குச் சிறந்த சான்று இச்சங்கத்திற்கு வெளியில் இருந்து கிடைக்கிறது. 1939 டிசம்பரில் பிலடெல்பியாவில் கூடிய அமெரிக்கச் சமூகவியற் சங்கத்தின் தலைவர் எட்வின் சதர்லாந்து தம் உரையில், வறுமையும் உடைந்த குடும்பமும் குற்றத்திற்குக் காரணம் என்று சொல்லிவரும் கொள்கைகள் அனைத்தும் பிழையான மாதிரியின்மேல் எழுந்தவை என்றார். சிறைக்குச் செல்பவரை மட்டுமே எண்ணினால் ஏழையே குற்றவாளியாகத் தோன்றுவான். வணிக நிறுவனங்களில் உயர்பதவி வகிப்போர் இழைக்கும் மோசடிகளை எவர் எண்ணினார் என்று வினவினார். ‘வெள்ளைச் சட்டைக் குற்றம்’ என்று நாம் மொழிபெயர்க்கத் தகும் சொல் அன்று பிறந்தது. அவர் 1949இல் வெளியிட்ட நூல் 70 பெருநிறுவனங்களுக்கு எதிராக நீதிமன்றங்களும் ஆணையங்களும் வழங்கிய 980 முடிவுகளைத் தொகுத்தது. ஆனால் அவதூறு வழக்குக்கு அஞ்சிய பதிப்பகமும் பல்கலைக்கழகமும் நிறுவனப் பெயர்களை நீக்கச் செய்தன. பெயர்கள் அடங்கிய முழு நூல் 1983இல்தான் வெளிவந்தது. சதர்லாந்து 1950இலேயே மறைந்துவிட்டார். மேடையில் அவரால் தடையின்றிப் பேச முடிந்தது; அச்சில் முடியவில்லை. கல்விச் சங்கத்தின் மேடை எதற்குத் தேவை என்பதை இந்நிகழ்ச்சியைவிடத் தெளிவாகக் கூறுவது அரிது. குற்றவியல் சங்கம் தன் பெருமைமிகு விருது ஒன்றுக்குச் சதர்லாந்தின் பெயரைச் சூட்டியுள்ளது.

சங்கத்தின் சொந்த மேடையில் நிகழ்ந்ததற்கு 2004ஆம் ஆண்டு உரையைச் சுட்டலாம். அதற்குரிய பின்னணி இது: 1974இல் இராபர்ட் மார்ட்டின்சன் என்பார், கைதிகளைத் திருத்தும் திட்டங்கள் பற்றிய 231 ஆய்வுகளைப் பரிசீலித்து எழுதிய கட்டுரை, எந்தத் திட்டமும் பயன் தராது என்பதாகவே பரவலாகப் படிக்கப்பட்டது. இடதுசாரியும் வலதுசாரியும் அதனை வரவேற்றனர், காரணங்கள் வேறு. சிறையில் திருத்தம் என்னும் நோக்கமே அமெரிக்கச் சட்டங்களிலிருந்து தேயத் தொடங்கிற்று. மார்ட்டின்சன் 1979இல் தம் முடிவைத் தாமே தளர்த்தி எழுதினார்; அதனைக் கேட்டோர் சிலரே. 2004இல் தலைவராக இருந்த பிரான்சிசு கல்லன், அந்த அலையை எதிர்த்து நின்று, எண்ணிக்கை கொண்டு மறுத்து, திருத்தக் கொள்கையைக் காப்பாற்றிய பன்னிருவரைப் பற்றித் தம் தலைமையுரையில் பேசினார். தம் துறை முழுதும் ஒரு காலத்தில் அவசர முடிவுக்கு உடன்பட்டது என்பதைத் துறையினர் நடுவில் நின்றே சொன்னார். கருத்து மாறுபாடு உடையோர்க்குச் சங்கம் மேடை தராதிருந்தால் அந்தப் பன்னிருவர் எங்கே பேசியிருப்பர்?

மரண தண்டனைத் தீர்மானம்

இனி நாம் கூறப்போவது இச்சங்க வரலாற்றில் மிகக் கடினமான வினா. ஆய்வுச் சங்கம் ஒன்று, சங்கம் என்ற முறையில், அரசின் கொள்கை பற்றிக் கருத்துரைக்கலாமா?

1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மெக்லெசுகி வழக்கில் தீர்ப்பளித்தது. ஜார்ஜியா மாநிலத்தில் இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட கொலை வழக்குகளை ஆராய்ந்த டேவிட் பால்டசின் குழு, கொல்லப்பட்டவர் வெள்ளையர் எனில் மரண தண்டனை விதிக்கப்படும் வாய்ப்பு மிகுகிறது என்று காட்டியிருந்தது. ஐவர்க்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் அதனை மறுத்தது. அவ்வாய்வு செம்மையானது என்றே வைத்துக்கொண்டாலும், குறிப்பிட்ட ஒரு வழக்கில் வேண்டுமென்றே பாகுபாடு காட்டப்பட்டது என்பதற்கு அது சான்றாகாது என்பது தீர்ப்பின் சாரம். இரண்டாண்டு கழித்து, 1989இல், குற்றவியல் சங்கம் மரண தண்டனையை வெளிப்படையாகக் கண்டித்துத் தீர்மானம் இயற்றியது. அத்தண்டனை நடைமுறையில் நிறவேற்றுமை உடையது என்பதும், அது குற்றத்தைத் தடுக்கிறது என்பதற்கு ஆய்வுகளில் ஒருமித்த சான்று இல்லை என்பதும் தீர்மானம் கூறிய காரணங்கள். அதனை ஒழிக்கத் தம் தொழிற்றிறனைப் பயன்படுத்துமாறு உறுப்பினரையும் அது வேண்டிக்கொண்டது.

இருதரப்பிலும் நியாயம் உண்டு. ஆய்வாளன் சான்றை முன்வைக்க வேண்டும், முடிவைச் சமுதாயம் எடுத்துக்கொள்ளட்டும் என்பது ஒரு தரப்பு. சங்கம் ஒரு கொள்கையைக் கைக்கொண்டால், அதற்கு மாறான முடிவை எட்டும் இளம் ஆய்வாளர் அச்சமின்றி எழுத முடியுமா என்ற கவலையும் அதில் அடங்கும். சான்று தெளிவாக இருக்கையில் வாய்மூடி இருப்பதும் ஒரு கொள்கையே என்பது மறுதரப்பு.

சங்கத் தலைவர்களின் தனிக் கருத்தை அறிய மைக்கேல் இராடலட், இரானல்டு ஏக்கர்ஸ் இருவரும் ஒரு வழி கண்டனர். இச்சங்கம் உள்ளிட்ட மூன்று கல்விச் சங்கங்களின் அந்நாள் தலைவர்க்கும் முன்னாள் தலைவர்க்கும் வினாநிரல் அனுப்பி, 1996இல் விடைகளை வெளியிட்டனர். ஏக்கர்ஸ் தாமே முன்னாள் தலைவர்களுள் ஒருவர். மரண தண்டனைக்குக் கொலையைத் தடுக்கும் தனி ஆற்றல் உண்டு என்பதை அந்நாள்வரை வந்த ஆய்வுகள் ஆதரிக்கவில்லை என்றோர் 80 விழுக்காட்டிற்கும் மேலானவர். பின்னர் 2012இல் அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றத்தின் குழு ஒன்று மேலும் நுட்பமான முடிவைக் கூறியது: இதுவரை வந்த ஆய்வுகள் மரண தண்டனை கொலையைக் குறைக்கிறது என்றோ, கூட்டுகிறது என்றோ, மாற்றம் செய்யவில்லை என்றோ எதையும் சொல்லும் தகுதி உடையன அல்ல, ஆகவே கொள்கை வகுக்க அவற்றைப் பயன்படுத்தலாகாது. அக்குழுவின் தலைவர் டேனியல் நேகின் பின்னாளில் குற்றவியல் சங்கத்தின் தலைவரும் ஆனார். “சான்று இல்லை” என்பதற்கும் “சான்று எத்திசையிலும் பேசவில்லை” என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் ஊன்றி நோக்குக. தீர்மானம் முன்னதைச் சார்ந்து நிற்கிறது. குழு பின்னதைச் சொல்கிறது. நிறவேற்றுமை பற்றிய பகுதியை இவ்வேறுபாடு தொடவில்லை.

2007இல் செயற்குழு மற்றொரு தீர்மானம் செய்தது. நகரங்களைக் காவல் துறைப் புள்ளிவிவரம் கொண்டு ‘ஆபத்தானவை’, ‘பாதுகாப்பானவை’ என வரிசைப்படுத்தும் வெளியீட்டை அது கண்டித்தது. இதில் எவர்க்கும் மாறுபாடு எழ இடமில்லை. தம் துறையின் எண்கள் தவறாகக் கையாளப்படும்போது கூறுவது துறையின் கடமையே. நம் கருத்தில் சங்கம் ஐயமின்றி நிற்கத்தக்க இடம் இதுதான்.

பெண்மக்கள் தலைமை

1941 முதல் ஏறத்தாழ நாற்பத்தேழு ஆண்டுகள் தலைவர் அனைவரும் ஆடவரே. 1984இல் பெண்களும் குற்றமும் பற்றிய தனிப்பிரிவு சங்கத்தினுள் அமைந்தது. 1989இல் ஜோன் மெக்கார்டு முதற் பெண் தலைவர் ஆனார். அடுத்த ஆண்டே ஜோன் பீட்டர்சீலியா வந்தார். 1995இல் ஃபிரீடா ஆட்லர். 2016இல் தலைவராக இருந்த ரூத் பீட்டர்சன் பெயரால் சிறுபான்மை இன ஆய்வு மாணவர்க்கு உதவித்தொகை வழங்கப்படுகிறது.

மெக்கார்டு பற்றி ஒன்று கூறாமல் செல்ல இயலாது. 1939இல் பாஸ்டன் நகரை அடுத்த கேம்பிரிட்ஜ், சாமர்வில் ஊர்களில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சிறுவரை இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆலோசகர், பாடத்துணை, மருத்துவம், கோடை முகாம் எனப் பல்லுதவியும் தரப்பட்டன. மறுபாதிக்கு ஒன்றும் தரப்படவில்லை. முப்பதாண்டு கழித்து மெக்கார்டு அவர்களைத் தேடிக் கண்டு 1978இல் முடிவை வெளியிட்டார். உதவி பெற்றோர் பலர் அதனை நன்றியுடன் நினைவுகூர்ந்தனர். ஆயினும் குற்றம், மதுப்பழக்கம், நோய், இறப்பு முதலியவற்றை நோக்கின் உதவி பெற்றோர் நிலை மேம்பட்டிருக்கவில்லை. சிலவற்றில் தாழ்ந்தே இருந்தது. நல்லெண்ணம் நற்பயனாகாது, அளந்து பார் என்பதைத் தம் துறைக்குக் கசப்பு மருந்தாகக் கொடுத்தவர் அவர். அறப்பணி புரியும் நம் சமுதாயப் பெரியோர் இவ்வாய்வை அறிந்திருத்தல் நன்று.

ஐரோப்பாவும் மொழியும்

அமெரிக்க மாதிரியைக் கண்டு 2000இல் ஐரோப்பியக் குற்றவியல் சங்கம் எழுந்தது. முதல் மாநாடு 2001இல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில். முதல் தலைவர் மார்ட்டின் கிலியாசு. அடுத்து டொலிடோ, ஹெல்சிங்கி, ஆம்ஸ்டர்டாம், கிராக்கவ் என ஆண்டுக்கொரு நாடாக அது நகர்ந்தது. இதழ் 2004இல் தொடங்கியது. ஓராண்டுத் தலைமை முறையையே அவர்களும் மேற்கொண்டனர்.

இத்தனை மொழிகள் வழங்கும் கண்டத்தில் மாநாட்டு மொழி ஆங்கிலம் ஒன்றே ஆயிற்று. தமிழ்த்துறையினராகிய நமக்கு இது உறுத்துகிறது. போலந்திலோ போர்ச்சுகலிலோ சிறைப் பதிவேடுகளை இருபதாண்டு படித்த ஒருவர், தம் முடிவை அயல்மொழியில் இருபது நிமிடத்தில் கூற இயலாதவராயின், அவர் தலைமைக்கு வருதல் அரிது. அமெரிக்கச் சங்கத்திலும், வட அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து முதன்முதலாக ஒருவர் தலைவர் ஆனது 1999இல்தான். அவரும் ஆங்கிலம் பேசும் கேம்பிரிட்ஜ் அறிஞர் டேவிட் ஃபாரிங்டனே. அறிவுக்கு மொழி இல்லை என்பர், மாநாட்டுக்கு உண்டு.

நூற்குற்றம்

தொடக்கத்தில் நன்னூலைச் சொன்னோம். அதற்கு இங்கே மீண்டும் வேலை உண்டு. 2019இல் சங்கத்தின் இதழில் எட்டாண்டுகளுக்கு முன் வெளிவந்த கட்டுரை ஒன்றின் உடனாசிரியர்களுள் ஒருவரே, அதன் எண்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். அதே முதன்மை ஆய்வாளர் பங்குகொண்ட வேறு கட்டுரைகளிலும் ஐயம் எழுந்தது. சில மாத விவாதத்திற்குப் பின் மொத்தம் ஐந்து கட்டுரைகள் பல இதழ்களிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. குற்றத்தை ஆராயும் துறையே தன் வீட்டுக் குற்றத்தை எவ்வாறு விசாரிப்பது என்னும் நிலை ஏற்பட்டது. இதழாசிரியர்கள் மெத்தனமாக இருந்தனர் என்ற குறை எழுந்தது. ஒரு மனிதரைத் தீர விசாரியாமல் தூற்றலாகாது என்ற குரலும் எழுந்தது. காவல், விசாரணை, தண்டனை என்று பிறரைப் பற்றி எழுதிவந்த எல்லாச் சொற்களும் அவர்களை நோக்கித் திரும்பின. மூலத் தரவைப் பிறர் சரிபார்க்கத் திறந்து வைக்க வேண்டும் என்னும் கோரிக்கை அதன்பின் இத்துறையில் வலுப்பெற்றது. தன் பெயரும் அச்சேறிய கட்டுரையைத் தானே கேள்விக்கு உட்படுத்திய அந்த உடனாசிரியரின் துணிவு, எத்தலைமைப் பதவிக்கும் குறைந்ததன்று என்பது நம் எண்ணம்.

அதற்கடுத்த ஆண்டு வேறு சோதனை வந்தது. கொரோனா பெருந்தொற்றால் 2020 நவம்பரில் வாஷிங்டனில் நடைபெற வேண்டிய அமெரிக்கச் சங்க மாநாடு கைவிடப்பட்டது. அவ்வாண்டுத் தலைவர்க்கு, மாநாடு என்னும் முதற்பெரும் கருவி கையில் இல்லாமலே ஆண்டு கழிந்தது. 2021இல் சிகாகோவில் மீண்டும் கூடினர். ஐரோப்பியர் 2020இல் ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் கூட எண்ணியிருந்தனர். அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் கணினித் திரையிலேயே அமர்வுகள் நடந்தன. 2022இல் ஸ்பெயின் நாட்டு மலகாவில் நேரில் சந்தித்தனர். அடுத்த ஆண்டு ஃபுளோரன்சில். புக்கரெஸ்ட் நகரத்தார் தாம் ஏற்றிருந்த விருந்தோம்பலை நான்கு ஆண்டுகள் கழித்து, 2024 செப்டம்பரில் நிறைவேற்றினர்.